மதர்போர்டு மாற்றியாச்சு, விண்டோஸ் கிளம்பவில்லை: ஃபார்மட் போடாமல் வழி இருக்கிறதா?

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அதே மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கினால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். இந்தத் தடவை தாமிரபரணி ஆறே எங்களைப் பார்க்க வந்துவிட்டது. கடைக்குள் ஒன்றரை அடி தண்ணீர். கம்ப்யூட்டர் கேபினட் தரையில் ஒரு பலகை மேல் இருந்தது. போர்டு பாதி வரை வண்டல்.

பழைய கணக்கு: 2014-இல் அசெம்பிள் செய்தது, நாலாவது தலைமுறை ஐ3, ஹெச்81 போர்டு. விண்டோஸ் 7 இருந்தது, 2016-இல் கடைப் பையன் வந்து 10 ஆக்கிக் கொடுத்தான். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அது மேல் தட்டில் இருந்ததால் நனையவே இல்லை, இது மட்டும் உறுதி.

பழைய போர்டு செத்துவிட்டது என்று சொன்னார்கள். ஹெச்610 போர்டு, ஐ3 12100, 8 ஜிபி டிடிஆர்4 ராம் புதிதாக வாங்கி மாட்டியாச்சு. ஆன் செய்தால் நேராக பயாஸ் (போர்டின் அமைப்புகள் இருக்கிற) திரையில் போய் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் பெயர் அங்கே தெரிகிறது. ஆனால் பூட் பட்டியலில் ஒன்றுமே இல்லை. போர்டு விற்ற கடையில் கேட்டால், "டிஸ்கில் விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது" என்கிறார்கள்.

ஃபார்மட் போட முடியாத நிலைமை. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 இருக்கிறது, சிடி எங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாமினியில் தொடங்கி ஐம்பது அறுபது ஃபாண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவரிடம் வாங்கியது. பத்து வருடப் பத்திரிகை டிசைன்கள். தை பிறக்க ஒரு வாரம் இருக்கிறது, பதினான்கு கல்யாணப் பத்திரிகை கையில் நிற்கிறது. ஏதாவது வழி சொல்லுங்கள்.

ரதவீதி ராஜா | ஜனவரி 8, இரவு 9.52

அண்ணாச்சி, டி டிரைவில் டேட்டா இருந்தால் சி-யை மட்டும் ஃபார்மட் போட்டுவிடலாமே. டேட்டா போகாது. போர்டு மாறினால் விண்டோஸ் புதிதாகப் போட்டே ஆக வேண்டும், அது விதி.

பாளை சர்வீஸ் | ஜனவரி 8, இரவு 10.15

அப்படி ஒரு விதி கிடையாது தம்பி. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் 10, போர்டு மாறினால் பெரும்பாலும் தானே டிரைவர்களை, அதாவது உதிரிகளை இயக்கும் சிறு நிரல்களை, தேடிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். சி-யை ஃபார்மட் போட்டால் பேஜ்மேக்கரும் ஃபாண்டும் சேர்ந்து போகும். அண்ணாச்சி கவலைப்படுவதே அதற்குத்தானே.

அச்சகத்து அண்ணாச்சி, இந்த மாதம் வெள்ளத்தில் நனைந்த மெஷின் மட்டும் என் கடைக்கு இருபதுக்கு மேல் வந்துவிட்டது. பதறாதீர்கள். மூன்று விஷயம் கேட்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) புதுசா, பழசா? டிஸ்கை ஆன் செய்ததிலிருந்து ஏதாவது வித்தியாசமான சத்தம் வருகிறதா? வேறு கம்ப்யூட்டரில் இந்த டிஸ்கை மாட்டிப் பார்க்க முடியுமா? முடிந்தால் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) திறந்து டிஸ்க்பார்ட், அப்புறம் லிஸ்ட் டிஸ்க் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கடைசிப் பத்தியில் ஜிபிடி என்று தலைப்பு இருக்கும். உங்கள் டிஸ்குக்கு நேராக அங்கே நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதையும் தட்ட வேண்டாம். "கிளீன்" என்ற வார்த்தையை அந்தக் கறுப்புத் திரையில் தவறிக்கூட எழுதாதீர்கள், டிஸ்கையே துடைத்துவிடும்.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 9, காலை 11.20

அக்கா, மச்சான் வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். எல்லா ஃபைலும் இருக்கிறது! பாதி உயிர் வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இல்லை, காலி.

எஸ்எம்பிஎஸ் பழசுதான். மொட்டைமாடியில் ஐந்து நாள் வெயிலில் காய வைத்து மாட்டினேன். நன்றாக ஓடுகிறது.

பாளை சர்வீஸ் | ஜனவரி 9, காலை 11.31

ஐயோ அண்ணாச்சி. முதலில் ஸ்விட்சை அணையுங்கள்.

தண்ணீர் காய்ந்துவிடும், வண்டல் காயாது. அது கெப்பாசிட்டர் காலுக்கடியில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மழைக்காற்று பட்டதும் ஈரத்தை இழுக்கும். ஒருநாள் படாரென்று போகும்போது புது போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். புது எஸ்எம்பிஎஸ் மாட்டாமல் இனி அந்த டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, டிஸ்க் மச்சான் வீட்டிலேயே இருக்கட்டும். 500 ஜிபியோ அதைவிடப் பெரியதோ ஒரு டிஸ்க் கடன் வாங்கி, குளோன்ஸில்லா (டிஸ்க் நகல் எடுக்கும் நிரல்) பென்டிரைவில் பூட் செய்து, அப்படியே நகல் எடுங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி செய்வதல்ல, டிஸ்க் முழுக்க. நொடிக்கு 100 எம்பி போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வள்ளியூர் நெட் | ஜனவரி 9, மதியம் 1.05

நட்சத்திரம் இல்லை என்றதும் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது, ஜிபிடி என்ற புது முறையில் இல்லை.

பழைய பயாஸ் என்ன செய்யும் என்றால், டிஸ்கின் முதல் செக்டரை, அந்த 512 பைட்டை, எடுத்து அப்படியே ஓட்டும். அதில் இருக்கும் சின்ன நிரல் ஆக்டிவ் பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து விண்டோஸை எழுப்பும். புது போர்டில் இருப்பது யுஇஎஃப்ஐ, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது. அது முதல் செக்டரைத் திரும்பியும் பார்க்காது. எஃப்ஏடி32 முறையில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒன்று இருக்க வேண்டும், அதற்குள் .இஎஃப்ஐ என்று முடியும் கோப்பு இருக்க வேண்டும், அதைத்தான் தேடும். உங்கள் டிஸ்கில் அந்தப் பார்ட்டிஷனே இல்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாகர்கோவில் பஸ்ஸை எதிர்பார்ப்பது மாதிரி. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்தல்லவா கிளம்புகிறது.

ஆகவே டிஸ்க் கரப்ட் என்பது தவறு. போர்டும் டிஸ்கும் வேறு வேறு இடத்தில் நின்று ஒன்றையொன்று தேடுகின்றன.

யுஇஎஃப்ஐ போர்டுகளிலும் பழைய முறையை நடித்துக் காட்ட சிஎஸ்எம் என்று ஒரு வசதி உண்டு. பயாஸில் பூட் பகுதியில் பாருங்கள்.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 9, மாலை 6.48

பார்த்தேன் தம்பி. சிஎஸ்எம் என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது, மாற்ற விடவில்லை. (அக்கா, பயாஸ் பார்க்க டிஸ்க் மாட்டவில்லை. புது எஸ்எம்பிஎஸ் வாங்கியாச்சு. திட்டாதீர்கள்.)

வள்ளியூர் நெட் | ஜனவரி 9, இரவு 7.30

அதற்குக் காரணம் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரோடு வருகிற கிராஃபிக்ஸில்தானே மானிட்டர் மாட்டியிருக்கிறீர்கள்? இன்டெல் 500 வரிசை போர்டுகள் தொடங்கி அந்த உள் கிராஃபிக்ஸோடு பழைய முறை பூட் வேலை செய்யாது. திரையில் படம் காட்டவே பழைய முறைக்கு ஒரு நிரல் வேண்டும், அதை இன்டெல் நிறுத்திவிட்டது. தனி கார்டு மாட்டினால் பல போர்டுகளில் சிஎஸ்எம் திறந்துகொள்ளும். ஜிடி 710 மாதிரி பழைய கார்டு யாரிடமாவது கிடக்குமே.

ரதவீதி ராஜா | ஜனவரி 9, இரவு 7.44

என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது அண்ணாச்சி. நாளைக்கு ஆர்ச் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபார்மட் போடச் சொன்ன பாவத்துக்குப் பரிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை சர்வீஸ் | ஜனவரி 9, இரவு 8.02

கார்டு போட்டுத் தாங்கிப் பிடிப்பது ஊன்றுகோல்தான். கடைசியில் டிஸ்கை ஜிபிடி ஆக்குவதுதான் நிரந்தர வழி. ஆனால் இந்த இடத்தில் ஊன்றுகோல் நல்லது. விண்டோஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்கின் தலையில் கை வைக்கலாம். நகல் எடுத்தாச்சா?

களக்காடு வாத்தியார் | ஜனவரி 9, இரவு 9.10

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அதே அடையாளம்தான், ஆனால் விண்டோஸ் இல்லை, உபுண்டு லினக்ஸ். பள்ளி லேபில் ஒரு மெஷினுக்கு இடி விழுந்து போர்டு போனது. அதே மாதிரி போர்டே தேடி வாங்கி மாட்டினோம். டிஸ்க் தெரிகிறது, பூட் ஆகவில்லை. ஆனால் என் டிஸ்க் ஜிபிடி. நட்சத்திரத்துக்கு இணையாக அங்கேயும் பார்த்துவிட்டேன்.

வள்ளியூர் நெட் | ஜனவரி 9, இரவு 10.05

சார், உங்களுடையது வேறு கதை, சுலபமானது. "உபுண்டுவை இந்தக் கோப்பிலிருந்து கிளப்பு" என்ற குறிப்பு டிஸ்கில் இல்லை, போர்டில் இருக்கும் நினைவகத்தில் எழுதப்பட்டிருந்தது. பழைய போர்டோடு அதுவும் போய்விட்டது. புது போர்டுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் அது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் என்ற அடைவில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

பயாஸில் பூட் ஆப்ஷன் சேர்க்கும் வசதி இருந்தால், இஎஃப்ஐ அடைவுக்குள் உபுண்டு என்ற அடைவைத் திறந்து ஷிம்எக்ஸ்64 கோப்பைக் காட்டிக் கொடுத்தால் போதும். வசதி இல்லையென்றால் உபுண்டு பென்டிரைவில் யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, டெர்மினலில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் புதுக் குறிப்பு எழுதலாம். டிஸ்க், பார்ட்டிஷன் எண், பெயர், கோப்பின் பாதை, இந்த நான்கும் கேட்கும்.

எழுந்த பிறகு நெட்வொர்க் வராவிட்டால் பதறாதீர்கள். நெட்வொர்க் கார்டின் பெயர் இஎன்பி3எஸ்0 என்று இருந்தது இஎன்பி2எஸ்0 என்று மாறியிருக்கலாம். நிலையான ஐபி கொடுத்திருந்தால் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயரே கிடக்கும்.

களக்காடு வாத்தியார் | ஜனவரி 10, காலை 10.40

பூட் ஆப்ஷன் சேர்த்தேன், எழுந்துவிட்டது. நெட்வொர்க் பெயரும் நீங்கள் சொன்னபடியே மாறியிருந்தது. பத்து நிமிட வேலை. இதற்காக ஒரு வாரம் அந்த மெஷினை மூலையில் போட்டு வைத்திருந்தோம். நன்றி தம்பி.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 10, இரவு 9.15

நகல் எடுத்தாச்சு அக்கா. ராஜா தம்பியின் கார்டும் மாட்டியாச்சு. சிஎஸ்எம் திறந்துகொண்டது! ஆன் செய்தேன். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, கடையில் எல்லோரும் கை தட்டினோம். அடுத்த நொடி நீலத்திரை. சோக முகம். கீழே இன்ஆக்ஸசபிள் பூட் டிவைஸ் என்று எழுதியிருக்கிறது. மறுபடியும் அதுவே.

பத்தமடைப் பாய் | ஜனவரி 10, இரவு 9.28

ஆகா, பழைய நண்பன்! அதைத்தான் பழைய ஆட்கள் அதன் பிழை எண்ணை வைத்து 7பி என்பார்கள். அண்ணாச்சி, எனக்கு போர்டு மாற்றாமலேயே இது வந்திருக்கிறது. பழைய ஹெச்61 மெஷினில் போர்டு மேலே காசு மாதிரி இருக்குமே, சிஆர்2032 பேட்டரி, அது தீர்ந்துபோய் பயாஸ் அமைப்பெல்லாம் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விட்டது. சாட்டா முறை, அதாவது போர்டு டிஸ்கோடு பேசுகிற முறை, ஐடிஇ என்ற பழையதுக்கும் ஏஹெச்சிஐ என்ற புதியதுக்கும் இடையில் மாறியதும் விண்டோஸ் நீலமாகிவிட்டது. பயாஸில் பழையபடி மாற்றினேன், எழுந்துவிட்டது. நீங்களும் ஐடிஇ என்று மாற்றிப் பாருங்கள்.

வள்ளியூர் நெட் | ஜனவரி 10, இரவு 9.41

பாய், நோய் நீங்கள் சொன்னதுதான். மருந்துதான் இவருக்குக் கிடைக்காது. புது போர்டில் ஐடிஇ முறையே கிடையாது.

2014-இல் விண்டோஸ் 7 போட்டவர் பயாஸில் ஐடிஇ முறையில் வைத்துப் போட்டிருக்க வேண்டும். 10 ஆக்கியபோதும் அதுவே தொடர்ந்திருக்கிறது. விண்டோஸ் எழும்போது டிஸ்கைத் தொடுவதற்குத் தேவையான டிரைவரை மட்டும்தான் முதலில் ஏற்றும். ஏஹெச்சிஐ டிரைவர் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் இத்தனை வருடம் தேவைப்படாததால் தொடக்கத்தில் ஏற்ற வேண்டாம் என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் குறிப்பேட்டில்) குறித்து வைத்திருக்கும். சின்னம் வரை வந்தது போர்டின் உதவியால். அதற்கு மேல் விண்டோஸ் தன் சொந்தக் காலில் டிஸ்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, நீலமாகிறது.

பாளை சர்வீஸ் | ஜனவரி 10, இரவு 10.00

இதற்கு ரெஜிஸ்ட்ரியைத் தோண்ட வேண்டாம். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி எழுகிற முறை) ஒரு தடவை எழுந்தால் போதும், விண்டோஸ் புது கன்ட்ரோலரைப் பார்த்துத் தானே அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளும்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை நீலத்திரை விழுந்ததும் ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று ஒரு திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அப்புறம் வருகிற பட்டியலில் 4 அழுத்துங்கள். ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று ஒன்று அதே இடத்தில் ஆசை காட்டும், அதைத் தொட வேண்டாம். அரை மணி நேரம் சுற்றிவிட்டு "சரிசெய்ய முடியவில்லை" என்று சொல்லும், அவ்வளவுதான்.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 10, இரவு 10.52

வந்துவிட்டது!! நான்கு மூலையிலும் சேஃப் மோட் என்று எழுதிக்கொண்டு, கறுப்புத் திரையில், பிள்ளையார் வால்பேப்பர் கூட இல்லாமல். ஆனால் டெஸ்க்டாப்பில் என் ஃபோல்டர்கள் அத்தனையும் இருக்கின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தேன். "டிவைஸ்களைத் தயார் செய்கிறது" என்று ஐந்து நிமிடம் ஓடியது. இப்போது முழு விண்டோஸும் எழுந்துவிட்டது. பேஜ்மேக்கர் திறக்கிறது. பாமினி தெரிகிறது. என் மனைவி கோயிலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்கிறாள்.

ரதவீதி ராஜா | ஜனவரி 10, இரவு 11.01

தேங்காய் சரி அண்ணாச்சி, கார்டு எப்போது தருகிறீர்கள்?

பாளை சர்வீஸ் | ஜனவரி 11, காலை 9.30

முதலில் அவசர வேலையைக் கார்டோடே முடியுங்கள். ஒரு நாள் ஓடட்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ஜிபிடி மாற்றம். அதற்கு விண்டோஸ் 10-இல் 1703 பதிப்பிலிருந்தே உள்ளே ஒரு கருவி இருக்கிறது: எம்பிஆர்2ஜிபிடி. (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) டேட்டாவை அழிக்காமல் டிஸ்கின் அட்டவணையை மட்டும் மாற்றி, இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் உருவாக்கி, பூட் கோப்புகளையும் வைத்துவிடும்.

விண்டோஸ் 10 பென்டிரைவில் யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே முதலில் எம்பிஆர்2ஜிபிடி, இடைவெளி, /வேலிடேட், இடைவெளி, /டிஸ்க்:0. இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. சரி என்று சொன்னால் மட்டும் வேலிடேட் என்ற இடத்தில் கன்வர்ட் என்று போட்டு மறுபடி.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 12, இரவு 8.20

எட்டு பத்திரிகை முடித்துவிட்டுச் சோதனை ஓட்டினேன். "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு" என்று வருகிறது.

வள்ளியூர் நெட் | ஜனவரி 12, இரவு 8.33

உங்களுக்கு சி, டி, இ என்று மூன்று டிரைவ் இருக்கிறதா?

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 12, இரவு 8.36

ஆமாம். டி-யில் டிசைன், இ-யில் பிள்ளைகள் போட்டோ, கல்யாண வீடியோ. எப்படித் தெரியும்?

வள்ளியூர் நெட் | ஜனவரி 12, இரவு 8.50

நம் ஊரில் அசெம்பிள் செய்கிற எல்லோரும் அப்படித்தான் பிரிப்பார்கள், ஜோசியம் இல்லை. எம்பிஆர் அட்டவணையில் நான்கே இடம். விண்டோஸ் 7 தனக்கு சிஸ்டம் ரிசர்வ்டு என்று 100 எம்பி எடுத்துக்கொள்ளும், அது ஒன்று. சி இரண்டு, டி மூன்று. நாலாவதாக ஒன்று உண்டாக்கும்போது விண்டோஸ் அதை எக்ஸ்டென்டட் என்ற பெட்டியாக்கி, அந்தப் பெட்டிக்குள் இ-யை லாஜிக்கலாக வைக்கும். அந்தப் பெட்டி இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி தொடாது. பிரைமரி மூன்று வரைதான் அதற்குச் சம்மதம்.

இ-யில் இருப்பதை வெளி டிஸ்கில் காப்பி செய்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ-யை அழித்துவிடுங்கள். மாற்றம் முடிந்ததும் அந்த இடத்தில் புதிதாக இ உண்டாக்கிக்கொள்ளலாம்.

பாளை சர்வீஸ் | ஜனவரி 12, இரவு 9.05

ஒன்று சேர்க்கிறேன். இ-யை அழித்த பிறகும் அந்த இடத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு இருக்கும், ஃப்ரீ ஸ்பேஸ் என்று எழுதியிருக்கும். அது காலிப் பெட்டி. அதன் மேலும் வலது கிளிக் செய்து டிலீட் பார்ட்டிஷன் கொடுக்க வேண்டும். கறுப்புப் பட்டையோடு அன்அலொகேட்டட் என்று மாறினால்தான் பெட்டியே போனது என்று அர்த்தம். பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுவார்கள்.

பெருமாள்புரம் 92 | ஜனவரி 12, இரவு 10.12

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. லேப்டாப்பில் போர்டு மாற்றக் கொடுப்பதற்கு முன்னால் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். சாவி போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கும். போர்டு மாறியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். எனக்குக் கேட்டது. நான் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. நல்லவேளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாகவே சேமித்திருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை நினைவுக்குக் கொண்டுவர ஒரு நாள் ஆனது. கீ இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. பாளை அக்காவே வந்தாலும்.

பாளை சர்வீஸ் | ஜனவரி 12, இரவு 10.20

நானே வந்தாலும்தான். உண்மை.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 14, மாலை 5.30

போகி அன்றைக்குப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழித்துக் கட்டினேன். (எரிக்கவில்லை, காயலான் கடைக்குப் போட்டேன்.)

இ-யைக் காப்பி செய்து, அழித்து, பச்சைக் கோட்டுப் பெட்டியையும் அழித்தேன். அக்கா சொல்லாவிட்டால் அங்கேதான் நின்றிருப்பேன். சோதனை தேறியது. கன்வர்ட் கொடுத்தேன், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கார்டைக் கழற்றி, சிஎஸ்எம்மை அணைத்து, மானிட்டரை போர்டிலேயே மாட்டி ஆன் செய்தால், பூட் பட்டியலில் முதல் தடவையாக விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி! நேராக எழுந்துவிட்டது.

மூன்று சில்லறைப் பிரச்சினைகள். லேன் டிரைவர் இல்லாததால் இன்டர்நெட் வரவில்லை. கீழே மூலையில் ஆக்டிவேட் விண்டோஸ் என்று நீர்க்குறி மாதிரி எழுதியிருக்கிறது. கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, இது என்ன மாயம்?

வள்ளியூர் நெட் | ஜனவரி 14, மாலை 5.52

ஐந்தரை என்றதும் தெரிந்துவிட்டது. லினக்ஸ் பென்டிரைவ் எதையாவது இந்த போர்டிலும் பூட் செய்திருப்பீர்கள். லினக்ஸ் போர்டின் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி. இன்டர்நெட் வந்ததும் தானே சரியாகும்.

இன்டர்நெட்டுக்கு உங்கள் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் கொடுங்கள், அதற்குத் தனி டிரைவர் பெரும்பாலும் வேண்டாம். அது வழியாக போர்டு கம்பெனி தளத்தில் லேன் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்.

பாளை சர்வீஸ் | ஜனவரி 14, இரவு 7.10

ஆக்டிவேஷனுக்கு: கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, /டிஎல்ஐ. ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஓஇஎம் என்று இருந்தால் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. ரீட்டெயில் என்றால் புது போர்டுக்குக் கொண்டுவரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் போய், அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்தால் முடிந்தது.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 14, இரவு 7.34

வால்யூம் என்று இருக்கிறது அக்கா. நல்லதா?

பாளை சர்வீஸ் | ஜனவரி 14, இரவு 7.40

அது பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்குகிற வகை அண்ணாச்சி. ஒற்றை மெஷின் அச்சகத்தில் அது இருந்தால், 2016-இல் வந்த பையன் உங்களுக்கு லைசென்ஸ் வாங்கிப் போடவில்லை என்று பொருள். எவ்வளவு வாங்கினான்?

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 14, இரவு 7.43

அதை இப்போது சொன்னால் வீட்டில் பொங்கல் வைக்க மாட்டார்கள்.

ரதவீதி ராஜா | ஜனவரி 14, இரவு 7.58

புது கீ வாங்கும்போது ரீட்டெயில் கீயாகப் பார்த்து வாங்குங்கள் அண்ணாச்சி, அடுத்த வெள்ளத்துக்கு உதவும். 300 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிறார்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள். நான் போய்ப் பட்டாச்சு, மூன்றே மாதத்தில் அதே நீர்க்குறி.

சிந்துபூந்துறை அச்சகம் | ஜனவரி 17, மதியம் 12.15

கீ வாங்கியாச்சு, நீர்க்குறி போனது. லேன் வந்தது, கடிகாரமும் சரி. பதினான்கு பத்திரிகையும் கொடுத்தாச்சு. கேபினட்டை மேசைக்கு மேலே ஏற்றிவிட்டேன். நகல் டிஸ்க் மச்சான் வீட்டில் மாடியில் இருக்கிறது, மாதம் ஒரு தடவை புதுப்பிப்பதாக ஏற்பாடு.

ராஜா தம்பி, கார்டு இன்று மாலை ஆர்ச் பக்கம் கொண்டுவருகிறேன். ஆறு மணிக்கு நில்லுங்கள்.

ரதவீதி ராஜா | ஜனவரி 17, மதியம் 12.21

ஆறரை அண்ணாச்சி. ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்துவிடாதீர்கள்.